ரெவிட்டிலிருந்து எனர்ஜிபிளஸுக்கு: ஒரு ஸ்டில்ட் கட்டடத்தை ஏற்றுமதி செய்த வழி

ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் வரைபடத்துக்காகப் போட்ட மாடலை அப்படியே ஜிபிஎக்ஸ்எம்எல் கோப்பாக (மென்பொருள்களுக்கிடையே கட்டட மாடலைக் கொண்டுபோகும் கோப்பு வகை) எடுத்து, கட்டடத்தின் வெப்பச் சுமையைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸில் ஓட்டினால் பெரும்பாலும் ஓடாது. ஓடினாலும் வருகிற எண்ணை நம்பி ஏசி அளவு போட முடியாது. சென்னை பெருங்குடியில் ஸ்டில்ட்டும் (கார் நிறுத்தத் தூண்களோடு திறந்துவிட்ட கீழ்த்தளம்) மேலே நான்கு மாடியுமான ஓர் அலுவலகக் கட்டடத்தை ஓப்பன்ஸ்டூடியோ (எனர்ஜிபிளஸுக்கு முகப்பாக இருக்கும் மென்பொருள்) வழியாக எனர்ஜிபிளஸுக்குக் கொண்டுபோனபோது எங்கெங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்தோம் என்பது கீழே.

முதலில் மாடலுக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். நகலில் ஃபர்னிச்சர், கைப்பிடி, சானிட்டரி சாமான்கள் எல்லாவற்றையும் தூக்கிவிடலாம். தூண்களில் 'ரூம் பவுண்டிங்' (அறையின் எல்லையாக எடுத்துக்கொள்) டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தூணைச் சுற்றியும் அறையின் ஓரம் நாலு பக்கம் மடங்கி, துண்டுத் துண்டான பரப்புகள் வந்து குவியும். ஆர்க்கிடெக்ட் மாடலை லிங்க் செய்து வேலை செய்பவர்கள் அந்த லிங்க்கின் டைப் ப்ராப்பர்ட்டியில் 'ரூம் பவுண்டிங்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் சுவர் கண்ணுக்குத் தெரியும், அறைக்குத் தெரியாது.

உண்மையான வேலை அறைகளில்தான். 'ஏரியா அண்ட் வால்யூம் கம்ப்யூட்டேஷன்ஸ்' பகுதியில் பரப்பு மட்டும் என்று இருப்பதை, பரப்பும் கன அளவும் என்று மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு அறையின் மேல் எல்லையையும் மேல்தளத்து ஸ்லாபைத் தாண்டும்படி ஏற்றிவிடுங்கள். ஸ்லாபே அதை வெட்டிக்கொள்ளும். இதைச் செய்யாததால் வரும் கோளாறு கடைசி மாடியில் பளிச்சென்று தெரியும். அறை மொட்டைமாடி ஸ்லாபைத் தொடாமல் கீழேயே நின்றுவிட்டால், ஸ்லாபை எந்த அறையோடும் சேர்க்க வழியில்லாமல் ரெவிட் அதை வெறும் நிழல்தரும் பரப்பாக எழுதிவிடும். அதாவது கூரை பந்தலாகிவிடும். சென்னை வெயிலில் மேல்மாடிக்குச் சூடு ஏறுவதே கூரை வழியாக என்னும்போது, அந்த மாடியின் ஏசி சுமை அநியாயத்துக்குக் குறைவாக வரும்.

இதே வகைக் கோளாறு டக்ட்டிலும் (குழாய்கள் மேலிருந்து கீழே போகும் சந்து) வரும். ஒரு பக்கம் அறை இருந்து மறுபக்கம் எதுவும் இல்லை என்றால் ரெவிட் அந்தச் சுவரை வெளிச்சுவர் என்றே எடுத்துக்கொள்ளும். கழிவறை, மாடிப்படி, லிஃப்ட், எலெக்ட்ரிக்கல் ரூம் என்று எதையும் விடாமல் எல்லாவற்றிலும் ரூம் போட வேண்டும். பைப் டக்ட் மாதிரி ஓர் அடிக்கும் குறைவான சந்துகளை ரெவிட்டின் 'ஸ்லிவர் ஸ்பேஸ் டாலரன்ஸ்' அமைப்பே பார்த்துக்கொள்ளும். அதைவிட அகலமான டக்ட்டுக்குத் தனி ரூம் வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள இடத்தைத் தனியாகக் காட்ட வேண்டுமென்றால் ஸ்பேஸ் போட்டு 'ப்ளீனம்' என்று குறியுங்கள். வேண்டாமென்றால் சீலிங்கின் ரூம் பவுண்டிங்கை எடுத்துவிட்டால் போதும். சாதாரண அலுவலகத்துக்கு இதுவே நல்லது.

ஸ்டில்ட்டில் நேர்மாறு. ஏரியா ஷெட்யூலுக்காக (பரப்புப் பட்டியல்) சிலர் அங்கே கோடு போட்டு 'கார் பார்க்கிங்' என்று ஒரு ரூம் வைத்திருப்பார்கள். ஏற்றுமதியில் அது மூடிய அறையாகிவிடும். அதை அழித்துவிட்டு, லாபியையும் பம்ப் ரூமையும் மட்டும் விடுங்கள். ஓப்பன்ஸ்டூடியோவில் திறந்ததும் முதல் மாடித் தரையின் வெளிப்பக்க நிபந்தனை 'அவுட்டோர்ஸ்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'கிரவுண்ட்' என்று இருந்தால் ஆபத்து. நிலத்தின் வெப்பநிலையை நாம் கொடுக்காவிட்டால் எனர்ஜிபிளஸ் 18 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளும். சென்னையில் 18 டிகிரி தரை என்றால் வருடம் முழுவதும் இலவச ஏசி. லாபி மாதிரி நிஜமாகவே மண்ணில் உட்கார்ந்திருக்கும் தரைக்கு, உள்ளே வைக்கும் சராசரி வெப்பநிலையைவிட 2 டிகிரி குறைத்துக் கொடுப்பது வழக்கம்.

சன்ஷேடை ஜெனரிக் மாடலாகவோ சுவர் ஸ்வீப்பாகவோ போட்டிருந்தால் ஏற்றுமதியில் காணாமல் போகும். ஃப்ளோராக மாற்றிப் போட்டால் நிழல்பரப்பாக வரும். கர்ட்டன் வாலில் (முழுக் கண்ணாடிச் சுவர்) வேறு தொல்லை: கண்ணாடிப் பரப்பு சுவரின் பரப்பையே மீறிவிட்டால் எனர்ஜிபிளஸ் 'சிவியர்' பிழை காட்டும். கர்ட்டன் வாலை எடுத்துவிட்டு, சாதாரணச் சுவரில் அதே அளவுக்குச் சற்றுக் குறைவான ஒரே ஜன்னலாக வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

திசையை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ரெவிட் ட்ரூ நார்த் (உண்மையான வடக்கு) கோணத்தை ஜிபிஎக்ஸ்எம்எல்லில் ஒரு தனி எண்ணாக எழுதும். வாங்கும் மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளலாம், விட்டும்விடலாம். அது எடுத்துக்கொண்ட பிறகு நாமும் ஒருமுறை எனர்ஜிபிளஸில் நார்த் ஆக்ஸிஸைத் (வடக்கு அச்சு) திருப்பினால் இரட்டைத் திருப்பம். இடத்தை மாற்றாத பழைய டெம்ப்ளேட்டில் கட்டடம் அமெரிக்காவின் பாஸ்டனில் நிற்கும். சரிபார்க்க ஒரு சுலபமான வழி: ஜூன் 21 நடுப்பகலுக்கு நிழல் போட்டுப் பாருங்கள். சென்னை வடக்கு 13 டிகிரியில் இருப்பதால் அன்று சூரியன் நமக்கு வடக்கே. நிழல் குட்டையாகத் தெற்கே விழ வேண்டும், 15 மீட்டர் கட்டடத்துக்கு மூன்று மீட்டர்கூட வராது. நிழல் வடக்கே விழுந்தால் இடமோ திசையோ தப்பு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை இதே கதைதான், அதனால் வடக்கு ஜன்னலுக்கு நிழல் வேண்டாம் என்ற பேச்சு இங்கே செல்லாது. வானிலைக் கோப்புக்கு மீனம்பாக்கம், நிலைய எண் 432790.

சுவர், கூரைப் பொருள்களை ரெவிட்டிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். 'ஜெனரிக் 200' சுவருக்கு வெப்பப் பண்பு எதுவும் இருக்காது. ஓப்பன்ஸ்டூடியோவிலேயே கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் போட்டுவிடுங்கள். பூச்சுடன் 230 மில்லிமீட்டர் செங்கல் சுவரின் யூ மதிப்பு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே போகும் வெப்பம்) சுமார் 2 வாட். 2017 ஈசிபிசி (இந்தியாவின் கட்டட எரிசக்திச் சேமிப்பு விதி) வெப்ப ஈரமண்டலச் சுவருக்குப் பொதுவாகக் கேட்டது 0.40 (10,000 சதுர மீட்டருக்குக் குறைவான அலுவலகத்துக்கு 0.63), கூரைக்கு 0.33. இந்த இடைவெளிதான் வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய விஷயம்.

ஓட்டுவதற்கு முன் ரூம் ஷெட்யூலையும் ஓப்பன்ஸ்டூடியோவின் தரைப்பரப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெவிட் பொதுவாகச் சுவரின் மையக்கோட்டில் பரப்பை எழுதுவதால் சின்ன அறைகள் பெருத்துக் காட்டும்: நாலு பக்கமும் 230 சுவருள்ள 3க்கு 3 மீட்டர் அறை 9 சதுர மீட்டருக்குப் பதில் 10.4 ஆகும். பெரிய ஹாலில் வித்தியாசம் சொற்பம். ஹாலிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் போனால் எங்கோ ஓர் அறை பக்கத்து அறையோடு கலந்திருக்கிறது, அந்தச் சுவர் மூலையை ரெவிட்டில் போய்ச் சேர்க்க வேண்டும்.