டைம்-அவுட்டின் 30 நொடி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குறுவட்ட வாலிபால் போட்டியில் தோற்றுவிட்டோம். முதல் செட் போய்விட்டது. இரண்டாவதில் 21-21. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன் எதிரணியின் இரண்டு சர்வீஸை வரிசையாக வெளியே தட்டிவிட்டான். டைம்-அவுட் கேட்டேன். வாலிபாலில் அதற்கு 30 நொடிதான். அத்தனையும் அவனைத் திட்டியே தீர்த்தேன். "தூங்கிட்டா வந்த?" என்று நான் கத்தியது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அவன் அப்பாவுக்கும் கேட்டது. அவர் தலை குனிந்துகொண்டார்.

அடுத்த சர்வீஸும் அவனிடமே வந்தது. அவன் நகரவே இல்லை. சர்வீஸ் போடுகிறவனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆகஸ்ட் 6, புதன்

காலைப் பயிற்சிக்கு வந்தான். வருவான் என்று நான் நினைக்கவில்லை. "நேற்று என்னடா ஆச்சு?" என்றேன். "பந்து ஆடி ஆடி வந்துச்சு சார். பின்னாடி போகணுமா, முன்னாடி வரணுமானு உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்." அந்த 30 நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். திட்டியது எல்லோர் முன்னாலும்தானே.

ஆகஸ்ட் 9, சனி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜான் வுடன் 12 ஆண்டுகளில் 10 முறை பட்டம் வென்ற பயிற்சியாளர். 1974-75 பருவத்தில் இரண்டு ஆய்வாளர்கள் அவருடைய பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் வகை பிரித்துக் குறித்தார்கள். முக்கால்வாசி, எதை எப்படிச் செய்வது என்ற விளக்கம்தான். திட்டும்போதுகூடப் பல நேரம் திருத்தத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

கத்தியவர்களும் ஜெயித்திருக்கிறார்கள். இண்டியானா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் பாப் நைட் 3 பட்டம் வென்றார். 1985-இல் ஆட்டத்தின் நடுவே கோர்ட்டுக்குள் நாற்காலியை வீசியவரும் அவர்தான். ஆனால் அவர் கையில் இருந்தவர்கள் கல்லூரி இளைஞர்கள். நான் திட்டிய பையனுக்கு வயது 14.

குரலை உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூட்டம் இரையும்போது "பின்னாடி போ!" என்று கத்தித்தான் ஆக வேண்டும். அதில் அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. "தூங்கிட்டா வந்த?" என்பதில் என்ன இருக்கிறது? ஊர் பார்க்க அவன் மானத்தை வாங்கியதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பக்கத்து ஊர் கிளப்போடு நட்பு ஆட்டம். அங்கேயும் ஒருவன் அதே மாதிரி ஆடி ஆடி வரும் சர்வீஸ் போட்டான். இரண்டு புள்ளி போனதும் டைம்-அவுட் எடுத்து, பையன் பக்கத்தில் போய், "ஒரு அடி பின்னாடி நில்லு, பந்து இறங்குறப்போ முன்னாடி வா" என்றேன். "சரி சார்" என்றான். அடுத்ததும் தப்பியது. அதற்கடுத்தது நேராக, அடிக்கப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டர் கைக்குப் போனது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை, அடுத்த சர்வீஸுக்குத் தயாராகிவிட்டான்.