மூக்குக்குள் ஒரு பட்டாணி

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டாணி உரிக்க உட்கார்ந்தோம். பெரியவனுக்கு 8 வயது, சின்னவளுக்கு 4. தோலை அழுத்தினால் 'டப்' என்று திறக்குமே, அந்தச் சத்தத்துக்காகவே இரண்டு பேரும் ஓடி வருவார்கள். கிண்ணத்தில் விழுவது பாதி, வாய்க்குள் போவது பாதி.

கொஞ்ச நேரமாகச் சின்னவளிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

"அம்மா, பட்டாணி உள்ளே போயிடுச்சு."

அழவில்லை. என் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரலை விட்டு எடுத்துடுடி, சீக்கிரம்" என்று என் அம்மா பதறினாள். விரலோ இடுக்கியோ விட்டால் உருண்டையான பொருள் வழுக்கி இன்னும் உள்ளே போய்விடும். இது எனக்குப் பெரியவனால் கிடைத்த பாடம். அவன் 3 வயதில் ஒரு மணியை இப்படி மூக்கில் ஏற்றிக்கொண்டான். நான் நோண்டப் போய் அது ஆழமாகப் போய்விட்டது. கடைசியில் மருத்துவர்தான் கருவி போட்டு எடுத்தார். அன்று அவர் சொல்லிக் கொடுத்த முறையைத்தான் இப்போது செய்தேன்.

அவள் மூச்சு சிரமமில்லாமல் வந்துகொண்டிருந்தது. மடியில் உட்கார வைத்து, "வா, அம்மா பெரிய முத்தம் தரேன்" என்றேன். அடைபடாத பக்க மூக்கை விரலால் மூடிக்கொண்டு, அவள் வாயோடு வாய் முழுக்கப் பொருத்தி மெதுவாக ஊதினேன். காற்று தடுக்கிற மாதிரி தெரிந்ததும், சுருக்கென்று ஒரு ஊது. முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை பட்டாணி என் கன்னத்தில் வந்து ஒட்டியது.

1965-லிருந்தே மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 2012-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 10 குழந்தைகளில் ஏறக்குறைய 6 பேருக்கு இது பலித்ததாகச் சொல்கிறது. பலிக்காவிட்டால் திரும்பத் திரும்ப முயலாமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். உள்ளே போனது பொத்தான் பேட்டரி (பொம்மை, கைக்கடிகாரத்தில் போடும் சின்ன வட்டப் பேட்டரி) என்றால் வீட்டில் ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே அது மூக்கின் உட்சவ்வை அரித்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்துகொண்டே இருந்தால், உள்ளே ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாக் குழந்தையும் என் மகள் மாதிரி வந்து சொல்லாது.

"இனிமே இவளை உரிக்க விடாதே" என்றாள் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. எதிரில் உட்கார வைத்து, கண்ணை எடுக்காமல் மீதியையும் அவளையே உரிக்க விட்டேன்.

அப்புறம் சமையல். பறித்த பிறகு நேரம் ஆக ஆகப் பட்டாணியில் இருக்கும் சர்க்கரை மாவுச்சத்தாக மாறிவிடும், அதனால் உரித்த கையோடு அடுப்பில் ஏற்றிவிடுவேன். தோலைத் தூக்கிப் போடுவதில்லை. கழுவிக் கொதிக்கவைத்து வடிகட்டினால் லேசான இனிப்போடு ஒரு நீர் கிடைக்கும், சாதத்தை அதில்தான் வேகவைப்பேன். வெண்ணெயில் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, அரிசியைப் புரட்டி, அந்த நீரை ஊற்றி மூடிவிடுவேன். பட்டாணி கடைசி 5 நிமிடத்தில்தான் உள்ளே போகும். முதலிலேயே போட்டால் பச்சை மங்கிப் பழுப்பேறிவிடும். இறக்கும்போது மிளகுத்தூள், அவ்வளவுதான்.

சின்னவள் முதல் கரண்டியில் இருந்த பட்டாணியை எண்ணினாள். ஏழு இருந்தது. "இன்னும் போடும்மா" என்று தட்டை நீட்டினாள்.