கட்சி சாராத நான் பிரைமரியில் வாக்களித்தேன்

"எந்தக் கட்சி?" என்று வாக்குச்சாவடி மேசையில் இருந்த அம்மா கேட்டார். அவர் இயல்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சட்டென்று வாய் வரவில்லை. பின்னால் வரிசையில் எங்கள் தெருக்காரர் வேறு நின்றிருந்தார்.

2025 ஜூன் 10, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர் பதவிக்கான பிரைமரி; அதாவது நவம்பர் தேர்தலில் நிற்கப்போகும் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு. இங்கே வாக்காளர் பதிவிலேயே கட்சியைக் குறிப்பிடலாம்; குடியுரிமை வாங்கியதிலிருந்து நான் எதையும் குறிப்பிடாத, கட்சி சாராத வாக்காளர்தான். இந்த மாநிலத்தில் அப்படிப் பதிந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நவம்பர் தேர்தலில் தவறாமல் வாக்களிப்பேன். ஜூனில் நடப்பது அவரவர் கட்சிக்குள் நடக்கிற விஷயம் என்று விட்டுவிடுவேன். ஆனால் எங்கள் பகுதியில் பல உள்ளூர்ப் பதவிகளுக்கு, பிரைமரியில் ஜெயித்தவர்தான் நவம்பரிலும் ஜெயிக்கிறார். அப்படியென்றால் இத்தனை வருடம் நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்?

இன்னொரு காரணமும் இருந்தது. முன்பெல்லாம் இங்கே கட்சி நிர்வாகிகள் ஆதரித்தவர்களின் பெயர்கள் வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில், கண்ணில் படும் இடத்தில் இருக்கும். மற்றவர்கள் எங்கோ ஓரத்தில் கிடப்பார்கள். 2024இல் செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் பிரைமரிக்கு அதைத் தடுத்தது. 2025இல் சட்டமே மாறி, பதவிவாரியாகப் பெயர்களைப் போட்டார்கள். ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் ஆறு பேர், குடியரசுக் கட்சியில் ஐந்து பேர். மாதிரி வாக்குச்சீட்டுகளை இணையத்தில் எடுத்து இரண்டு இரவு படித்தேன்.

சரி, மேசைக்கு வருவோம். "ஜனநாயகக் கட்சி" என்றேன். கையெழுத்துப் போட்டேன், உள்ளே போனேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எந்தக் கட்சியும் சாராமல் பதிந்தவர் அன்றைக்கே அங்கேயே கட்சியைச் சொல்லிவிட்டு வாக்களிக்கலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவர் வேறு கட்சிக்கு மாறுவதென்றால் 55 நாள் முன்னதாகவே படிவம் கொடுத்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் எனக்கு உறுத்தியது. அந்த ஒரு வார்த்தையோடு என் வாக்காளர் பதிவில் கட்சிப் பெயர் ஏறிவிட்டது. நாமாக மாற்றும்வரை அது அப்படியே இருக்கும். யாருக்கு வாக்களித்தேன் என்பது ரகசியம்; எந்தக் கட்சிப் பட்டியலில் இருக்கிறேன் என்பது ரகசியமில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கட்சி சாராதவர் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டை வாங்கி வாக்களித்துவிட்டு, சாராதவராகவே வீட்டுக்குப் போகலாம். இங்கேயும் அப்படி மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம்.

"கட்சிக்காக உழைக்காதவர் அதன் வேட்பாளரை ஏன் முடிவு செய்ய வேண்டும்?" என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அன்று இரவு முழுக்க யோசித்தேன். ஆனால் தேர்தலை நடத்துவது அரசு, செலவு என் வரிப்பணத்தில். ஜெயித்து வருகிறவர் ஆளப்போவது என்னையும் சேர்த்துத்தான். எனக்கு அந்த உரிமை உண்டு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஜூலையில் ஒரு பக்கப் படிவத்தை நிரப்பி நகராட்சி கிளார்க்கிடம் கொடுத்து, மறுபடி கட்சி சாராதவளானேன். தபாலில் வாக்களிக்க நினைக்கும் கட்சி சாராதவர்கள் மட்டும் கவனியுங்கள்: பிரைமரிச் சீட்டு வீட்டுக்கு வர வேண்டுமானால் கட்சியைக் குறிப்பிடும் அந்தப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும்.