கல்தூசியில் ஒரு ரேஸ் சைக்கிள்: கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குறிப்புகள்

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், கியரும் பிரேக்கும் ஷிமானோ கம்பெனியின் 105 ஆர்7000 வரிசை, பின்னால் 11 பல்சக்கரம் (11 வேகம் என்பது இதைத்தான்), சக்கர விளிம்பைக் கவ்வுகிற ரிம் பிரேக். ஓசூரில் வேலை பார்க்கும் நண்பர் டிஸ்க் பிரேக் வண்டிக்கு மாறியபோது அவரிடமிருந்து வாங்கினேன். பல் எண்ணிக்கை முன்னால் 50/34, பின்னால் 11 முதல் 28 வரை, டயர் 23 மி.மீ. நல்ல தார் ரோட்டில் ஓடிய வண்டி. நான் சுற்றுவது காவேரிப்பட்டணம் ரோடு, கே.ஆர்.பி. அணை, ராயக்கோட்டை, எப்போதாவது தர்மபுரி தாண்டி பென்னாகரம், வத்தல்மலை. இந்த ரோடுகளுக்கு எதை மாற்றலாம், எதை அப்படியே விடலாம் என்று பார்த்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி: டயர்

23-ஐக் கழற்றியதுதான் முதல் வேலை. என் எடை 72 கிலோ. அந்த டயரில் இந்த எடைக்கு 105, 110 பிஎஸ்ஐ அடிக்க வேண்டும். குறைத்தால் பள்ளத்தில் ரிம் இடித்து டியூபில் இரட்டை ஓட்டை விழும். அவ்வளவு காற்றோடு சர்வீஸ் ரோட்டில் போனால் ஒவ்வொரு ஜல்லியும் முதுகெலும்பு வரை வந்து பேர் சொல்லிவிட்டுப் போகும்.

டயர் மெலிந்து, காற்று இறுகினால் வேகம் கூடும் என்று வெகுகாலம் எல்லாரும் நம்பினார்கள். வழவழப்பான இரும்பு உருளையின் மேல் ஓட்டி அளந்தால் காற்று ஏற ஏற உராய்வு குறைவதும் உண்மைதான். நிஜ ரோட்டில் ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே எகிறுகிறோம். எகிறுவதற்குச் செலவான சக்தி முன்னால் போக உதவாது. ஐரோப்பியப் போட்டி அணிகளே இப்போது 28-க்கு வந்துவிட்டன.

ஆர்7000 ரிம் பிரேக் 28 மி.மீ. டயர் வரை தாங்கும் என்று ஷிமானோவே சொல்கிறது. ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் 28 என்று அச்சடித்திருந்தாலும், ரிம்மின் உள்ளகலத்தைப் பொறுத்து உண்மை அகலம் மாறும். என் ரிம் 17 மி.மீ.; வெர்னியர் வைத்துப் பார்த்தால் 28-க்குச் சற்றுக் கூடவே வந்தது. ஃபோர்க்கில் விரல் நுழையாது, ஆனால் சின்னக் கல் நுழைந்து போகும். அது போதும்.

இப்போது முன்னால் 70, பின்னால் 75 பிஎஸ்ஐ. விடியற்காலை 25 டிகிரியில் அடித்த காற்று, சித்திரை வெயிலில் டயர் 45 டிகிரிக்குச் சூடானால் சுமார் 6 பிஎஸ்ஐ ஏறும். அதனால் கோடையில் ஓரிரண்டு குறைத்தே அடிக்கிறேன். பெட்ரோல் பங்க்கில் இந்த வேலை ஆகாது. ரேஸ் டியூபின் மெல்லிய பிரெஸ்டா வால்வு அவர்கள் குழாய்க்குள் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் பையில் இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும். மீட்டர் வைத்த நின்றடிக்கும் பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். ரேஸ் சைக்கிள் வாங்குகிற யாரும் ஹெல்மெட்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுதான்.

பஞ்சர் விஷயத்தில் எல்லாரும் முள்ளைத்தான் திட்டுவார்கள். ஊர் ரோட்டில் சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சியும்தான், சரி. ஆனால் 44-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில் என் டியூபைக் குத்துவது பெரும்பாலும் கிழிந்த லாரி டயரிலிருந்து உதிரும் எஃகு நார். தலைமுடி கனம்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. புது டியூப் போட்டு அரை மணியில் மறுபடி காற்று இறங்கினால் அதுதான் காரணம். டயரின் உட்பக்கம் பஞ்சை ஓட்டிப் பாருங்கள், நார் இருக்கிற இடத்தில் பஞ்சு சிக்கும். பிடுங்க ஒரு புருவ இடுக்கி வேண்டும், நகத்தால் முடியாது.

ஏப்ரல்: செயின்

இந்தப் பக்கம் ரேஸ் சைக்கிளைத் தின்பது கல்தூசி. கிரானைட் குவாரி, கிரஷர், எம்-சாண்ட் லாரி என்று ரோட்டோரம் முழுக்க வெள்ளைப் பொடி. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் 7, சாதாரண எஃகைவிடக் கடினம். அந்தப் பொடி ஆயிலோடு கலந்து செயினின் ஊசிக்கும் உருளைக்கும் நடுவே போனால் வால்வு அரைக்கிற பேஸ்ட் மாதிரிதான் வேலை செய்யும்.

செயின் நீளுகிறது என்கிறோமே, தகடு ஒன்றும் இழுபடுவதில்லை. ஊசிகளும் அவை உட்காரும் இடங்களும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் துளி இடைவெளி கூடுவதுதான் மொத்தத்தில் நீளமாகத் தெரிகிறது. தனிக் கருவி இல்லாவிட்டால் ஸ்டீல் ஸ்கேல் போதும். ஊசிக்கு ஊசி 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலமும் ஒரு பதினாறில் ஒரு பங்கும் ஆனால் அரை சதவீதத் தேய்மானம். 11 வேக வண்டியில் அங்கேயே செயினை மாற்றிவிட வேண்டும். இன்னும் ஓடட்டும் என்று விட்டால் கேசட்டின், அதாவது பின்னால் உள்ள பல்சக்கரக் கொத்தின், பற்களையும் சேர்த்துத் தின்றுவிடும், கேசட்டின் விலையோ செயினைவிட அதிகம்.

நான் ஆயிலை விட்டுவிட்டு மெழுகுக்கு மாறினேன். முறை இதுதான். புதுச் செயினில் கம்பெனி தடவிய கிரீஸை முழுக்க எடுக்க வேண்டும். பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனில், அது கலங்காமல் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசி, கடைசியில் ஸ்பிரிட்டில் ஒரு முறை அலசினேன். துளி கிரீஸ் மிஞ்சினாலும் மெழுகு உள்ளே ஒட்டாது. மெழுகுவத்தி செய்பவர்களுக்கு விற்கும் பாரஃபின் பாளத்தை ஒரு எவர்சில்வர் குண்டானில் போட்டு, அந்தக் குண்டானைக் கொதிக்கிற தண்ணீருக்குள் வைக்க வேண்டும். நேராகத் தீயில் வைக்கவே கூடாது, மெழுகு பற்றிக்கொள்ளும். தண்ணீருக்கு நடுவில் இருந்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கம்பியில் கோத்த செயினை இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை ஆட்டினால் மெழுகு உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். மெழுகு கொஞ்சம் ஆறிக் கெட்டியாகத் தொடங்கும்போது எடுத்தால் செயினில் நன்றாகத் தங்கும். ஆறியதும் செயின் விறைத்து நிற்கும், ஒரு உருளைக் கம்பியின் மேல் வளைத்து இழுத்தால் கண்ணி கண்ணியாகத் தளரும். இந்த வேலைக்கு வீட்டுச் சமையலறையில் அனுமதி இல்லை, மொட்டை மாடியில் மின் அடுப்பு.

காய்ந்த ரோட்டில் 300 கி.மீ. வரை சத்தமில்லாமல் ஓடுகிறது. தூசி மேலே உட்காரும், உள்ளே போகாது, துணியால் துடைத்தால் கை கறுக்காது. மழையில் ஒரு முறை நனைந்தால் மட்டும் அன்றைக்கே கழற்றித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் துரு. காவேரிப்பட்டணத்தில் நான் போகிற சைக்கிள் கடைக்காரருக்கு இதில் நம்பிக்கையே இல்லை.

“ஆயில் விடாம மெழுகையா விடுற தம்பி? மழை வந்தா?”

“மறுபடியும் மெழுகுதான் அண்ணா.”

“அப்ப நீ ஓட்டுறதவிட சமைக்கிறதுதான் ஜாஸ்தி.”

அதே மனுஷன்தான் என் பின்சக்கரத்தின் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டையையே அளவாக வைத்து, கம்பியை இறுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல் செய்தார். பின்சக்கரத்தில் கேசட் இருக்கிற வலப்பக்கக் கம்பிகள் இடப்பக்கத்தைவிட அதிகம் இறுகியிருக்கும். அவர் கம்பியைச் சுண்டி, ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் வருகிறதா என்று கேட்டுத்தான் விட்டார். இன்னும் கோட்டம் வரவில்லை.

ஜூன்: மேட்டுக்கு கியர்

வத்தல்மலை கொண்டை ஊசிகளில் 34/28 எனக்குப் போதவில்லை. கணக்கு எளிது. 28 மி.மீ. டயரின் சுற்றளவு சுமார் 2.13 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் 34/28-இல் மணிக்கு 9.3 கி.மீ. போக வேண்டும். அதற்குக் கீழே போனால் மிதியே நின்றுபோகிற மாதிரி ஆகிவிடும், முழங்கால் பேசும். பின்னால் 34 பல் இருந்தால் அதே மிதிக்கு 7.7 கி.மீ. போதும்.

வண்டியில் இருந்த குட்டைக் கை டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளுகிற பாகம்) 30 பல் வரைதான் எடுக்கும். 34-க்கு நீளக் கை, அதாவது ஜி.எஸ். வகை வேண்டும். கேசட்டாக ஷிமானோவின் எச்.ஜி.700, 11-34 வாங்கினேன். இதில் ஒரு நுணுக்கம்: 11 வேக ரோட் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், இதைப் போடும்போது பின்னால் 1.85 மி.மீ. வாஷர் ஒன்று முதலில் போக வேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் கேசட் கடகடவென்று ஆடும். பழைய செயின் நீளமும் போதாது. பெரிய செயின்வீல், பெரிய பல்சக்கரம் இரண்டிலும் டீரெய்லருக்குள் விடாமல் சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் கூட்டி வெட்டினேன்.

இதே காசுக்குக் கார்பன் பாட்டில் கூடு, எடை குறைந்த சீட் போஸ்ட் என்று 300 கிராம் குறைத்திருக்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 82 கிலோ. ஒரு மணி நேர ஏற்றத்தில் அந்த 300 கிராம் மிச்சம் பிடிப்பது 13 நொடி. போட்டி சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. விதி வைத்திருக்கிறது. அந்த எல்லையில் நிற்பவர்களுக்கு 13 நொடி பெரிது. எனக்கு அது டீக்கடையில் சில்லறை வாங்குகிற நேரம்.

செப்டம்பர்: பிரேக்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குகிற ரோட்டில் மழைக்குப் பிறகு போனால் பிரேக் கட்டையின் அருமை தெரியும். ஈர ரிம்மில் பிடித்ததும் நிற்காது, கட்டை முதலில் தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும். கர்ரென்று சத்தம் வந்தால் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். மணலும் ரிம்மிலிருந்து சுரண்டிய அலுமினியத் துணுக்கும் மினுக்மினுக்கென்று பதிந்திருக்கும். ஊசியால் நோண்டி எடுத்து, உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு தேய்க்க வேண்டும். விட்டால் கட்டை ரிம்மை உழுதுவிடும், ரிம் போனால் சக்கரமே போச்சு.

105-இல் ரப்பரை மட்டும் உருவி மாற்றலாம், ஆர்55சி4 என்று கேட்டால் கிடைக்கும். ரப்பர் உட்காரும் பிடியின் திறந்த பக்கம் வண்டியின் பின்னோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பிரேக் பிடிக்கும்போது ரப்பர் முன்னால் உருவிக்கொண்டு வந்துவிடும். அதைப் பூட்டுகிற குட்டித் திருகையும் மறக்காமல் இறுக்க வேண்டும்.

சீட், ஷூ, ஷூவை மிதியோடு பூட்டும் கிளீட் இவற்றில் சொல்ல அதிகம் இல்லை. பொருந்தியது, அப்படியே விட்டேன்.

அடுத்து வடகிழக்குப் பருவமழைக்கு முன் பின் கியர் கேபிள். ஷிமானோவின் 11 வேக ரோட் லீவர்களில் கேபிள் தலைக்குப் பக்கத்தில், லீவருக்குள்ளேயே இழை இழையாகப் பிரிந்து அறுவது தெரிந்த வியாதி. கியர் மாறுவதில் மந்தம் வந்து, கேபிளை இறுக்கும் திருகைத் திருகியும் சரியாகாவிட்டால் அதுதான் அறிகுறி. உள்ளே அறுந்த துண்டை நோண்டி எடுப்பது நரகம் என்று நண்பர் சொன்னார். என் லீவர் நேற்றிலிருந்து கொஞ்சம் யோசித்துத்தான் மாறுகிறது. 1.2 மி.மீ. கேபிள் இரண்டு சொல்லியிருக்கிறேன், வந்ததும் மாற்றிவிட்டு எழுதுகிறேன்.