ஸ்விஃப்டுக்கு வீட்டிலேயே பெரிய சர்வீஸ்: மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

என்னுடையது 2013 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல் கார். 82,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இன்ஜின் ஆயிலும் ஏர் ஃபில்டரும் நாலு வருஷமாக நானேதான் மாற்றுகிறேன். இந்தத் தடவை பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட், பிளக் எல்லாமே ஒன்றாக முறை வந்து நின்றன. வெளியே கேட்டதில் 11,800 ரூபாய் ஆகும் என்றார்கள். பணம் ஒரு காரணம்தான். பிரேக்கைக் கழற்றி உள்ளே என்ன நிலைமை என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது.

பாகங்கள் வாங்க பட்டாபிராமில் இருந்து ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி ஜி.பி. ரோடு போனேன். ஒரிஜினல் இல்லாவிட்டால் டூப்ளிகேட்தான் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கார் கம்பெனி தன் பெயர் போட்ட டப்பாவில் விற்பது ஒன்று. பாகம் செய்கிற கம்பெனியே தன் பெயரில் கடைக்கு அனுப்புவது இன்னொன்று. டூப்ளிகேட் என்பது இந்த இரண்டின் டப்பாவையும் அச்சடித்து ஏமாற்றுவது. இவை போக, பெயரே இல்லாத லோக்கல் சரக்கும் உண்டு. அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங், பாடியில் பிரேக்ஸ் இந்தியா, மதுரையில் பெல்ட் செய்யும் ஃபென்னர் என்று நம்ம ஊரிலேயே பெரிய பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. கார் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்பவர்கள் கடைக்கும் அனுப்புகிறார்கள். அதை வாங்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கடையில் வண்டியின் வருஷம், மாடல் மட்டும் சொன்னால் போதாது. ஆர்.சி. புத்தகத்தின் நகலையும் பழைய ஏர் ஃபில்டரையும் கொண்டுபோயிருந்தேன். பேட் கேட்டதும் முதலில் 350 ரூபாய்க்கு ஒரு செட்டை எடுத்து வைத்தார்கள். பின்பக்கத் தகட்டில் செய்தவர் பெயரோ பேட்ச் எண்ணோ எதுவும் இல்லை. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரானே செட்டை 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். ஆனால் ஏர் ஃபில்டரில் அந்தக் கவனம் இல்லை. காகிதம்தானே என்று 140 ரூபாய்க்குப் பெயர் தெரியாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதல் ஞாயிறு: ஆயில், ஃபில்டர், பிளக்

வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. தூக்கியதும் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்தேன், பின் சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்தேன், வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினேன். பழைய வாஷரைத் திரும்பப் போடுவதில்லை. புதுசு 15 ரூபாய்தான், பழையதைப் போட்டு அதிகமாக இறுக்கி, ஆயில் தொட்டியான சம்ப்பில் மரை போய்விட்டால் ஆகும் செலவு வேறு. பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் ஸ்டார்ட் செய்த உடனே ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, முட்டும்வரை கையால் திருகி, அதன்பிறகு முக்கால் சுற்று. மூன்று லிட்டர் ஊற்றிவிட்டு மீதியை டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன்.

பழைய ஆயிலைத் தெருமுனை மெக்கானிக் அண்ணனின் பீப்பாயில் ஊற்றிவிட்டு வந்தேன். அவர் அதை எடுத்துப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். சாக்கடையில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பிளக்கை எடுக்க, அதற்கு மின்சாரம் கொடுக்கும் நாலு காயிலையும் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட்தான் பிடித்திருக்கிறது. பிளக்கை எடுப்பதற்கு முன் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றினேன். இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள்தான் விழும். பழைய நாலு பிளக்கின் நுனியும் ஒரே மாதிரி இளம் பழுப்பாக இருந்தது, மனசுக்கு நிம்மதி. புதுசு என்ஜிகே, ஒன்று 130 ரூபாய். நுனியில் இடைவெளி 1 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்ததில் மூன்று சரி, ஒன்று மட்டும் 0.8. வழியில் எங்கோ கீழே விழுந்திருக்க வேண்டும். மெதுவாக விரித்துச் சரிசெய்தேன். ஒரு ரப்பர் குழாயின் முனையில் பிளக்கைச் செருகி விரலாலேயே சுற்றினேன். மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஹெட்டுக்குச் சேதம் வராது. முட்டிய பிறகு அரைச் சுற்று.

இரண்டாம் ஞாயிறு: பிரேக்

இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். பொறுமையாகச் செய்ய வேண்டும் என்று காலை ஆறரைக்கே ஆரம்பித்துவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டிய அப்பா, ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வலது பக்கம் பேட் இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்தன, மூன்று மி.மீ. அளவுக்கு. இடது பக்கம் வேறு மாதிரி. வெளிப் பேட் நாலு மி.மீ. இருக்க, பிஸ்டன் இருக்கும் உள்பக்கத்துப் பேட் ஒன்றரை மி.மீ.தான். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்விதான் கேலிப்பர், அது நகர்வதற்கான கம்பியை, அதாவது கேலிப்பர் பின்னைக் கையால் இழுத்தால் அசையவே இல்லை. கிரீஸ் காய்ந்து, பழுப்பு மெழுகாக இறுகிப்போயிருந்தது. அந்தக் கம்பி ஓடாவிட்டால் கேலிப்பர் நகராது, உள் பேட் மட்டுமே வேலை செய்து தேயும். பேட்டை மட்டும் மாற்றி மூடியிருந்தால் புதுசும் இதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும். பின்னைக் கழற்றி, பிரேக் க்ளீனர் அடித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைத் தடவினேன். சாதா கிரீஸ் போட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிவிடும்.

அடுத்து புதுப் பேட். பேட்டைத் தாங்கும் பிராக்கெட்டில் வைத்தால், பேட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் காது நுழையவில்லை. அழுத்தினேன், கொஞ்சம் போய் நின்றுவிட்டது.

"அளவு தப்புப்பா. வெளிச் சரக்கு இல்லையா" என்றேன்.

அப்பா பழைய பேட்டையும் புதுப் பேட்டையும் வாங்கி, இரண்டு காதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார். "பேட்டு சரியாத்தான் இருக்கு. பிராக்கெட்டைப் பாரு" என்றார்.

பிராக்கெட்டில் இருந்த ஸ்டீல் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் துரு, செதில் செதிலாக ஒரு மேடு. அதுதான் கிளிப்பைத் தூக்கி இடத்தை அடைத்திருக்கிறது. அரத்தாலும் கம்பி பிரஷ்ஷாலும் பளபளவென்று வரும்வரை சுரண்டி, கிளிப்பைத் திரும்பப் போட்டதும் பேட் ஒரு விரல் தள்ளலில் உள்ளே போய் உட்கார்ந்தது. பேட் காதை அரத்தால் ராவிப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா இல்லையென்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பிஸ்டனை சி கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் கொதிநிலை குறையும். டாட் 3 என்ற வகை புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140. டாட் 4-க்கு 230, 155. இரண்டும் ஒரே இனம் என்பதால் நான் டாட் 4 போட்டேன். டாட் 5 சிலிக்கான், அதை இதோடு சேர்க்கக் கூடாது. என் வண்டியில் ஏபிஎஸ் இல்லாததால் பழைய ஆயிலை வெளியேற்றும் வேலை சுலபம். மிதியோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கினேன். ஆயில் வடிக்கும் நிப்பிளில் மீன் தொட்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விட்டேன். அப்பா டிரைவர் சீட்டில்.

"மிதிங்க... பிடிச்சுக்கங்க..." நிப்பிளைத் திறந்து மூடியதும், "விடுங்க."

முதலில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. பத்துப் பன்னிரண்டு மிதிக்குப் பிறகு குழாயில் குமிழி இல்லாமல் தெளிந்த ஆயில் வந்தது. நாலு சக்கரமும் முடிய ஒன்றரை மணி நேரம். மிதி கல் மாதிரி நின்றது. சக்கரத்தை மாட்டி, வண்டியை நகர்த்துவதற்கு முன் மறுபடியும் நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தேன். அப்புறம் நெமிலிச்சேரிப் பக்கம் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில், ஐம்பதில் இருந்து பத்து வரை குறைத்துக் குறைத்துப் பேட்டை டிஸ்க்கோடு பழக்கினேன்.

மூன்றாம் ஞாயிறு: கூலன்ட், அப்புறம் அந்த ஏர் ஃபில்டர்

கூலன்ட் எளிது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரைத் திறந்து வடித்துவிட்டு, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். எங்கள் ஏரியா போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளையாக உப்புப் படிய வைக்கும், அதை ரேடியேட்டருக்குள் விட மனசு வராது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினேன்.

ஏர் ஃபில்டர் பெட்டியைச் சும்மா திறந்து பார்த்தேன். போட்டு இரண்டு வாரம், 300 கிலோமீட்டர்தான். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், சுத்தமாக இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைத் துணியால் துடைத்தால் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. காகிதத்தில் குறை இல்லை. சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு மெல்லிசு, ஒரு மூலையில் மூடி அதை அழுத்தவே இல்லை. அந்தச் சந்து வழியாகத் தூசி நேராக இன்ஜினுக்குப் போயிருக்கிறது. அன்றைக்கே கடையைத் தேடிப்போய், பெயர் உள்ள கம்பெனி ஃபில்டர் ஒன்றை 290 ரூபாய்க்கு வாங்கி, பழையதோடு விளிம்பை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாட்டினேன். அந்த 300 கிலோமீட்டர் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தூக்கிப்போட்ட 140 ரூபாய், ஏசி ஃபில்டர், கிரீஸ், க்ளீனர், டிஸ்டில்டு வாட்டர் எல்லாம் சேர்த்து 5,425 ரூபாய் ஆனது.

இப்போது 1,100 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. போன வாரம் இடது முன் சக்கரத்தை மறுபடி கழற்றினேன். உள் பேட்டும் வெளிப் பேட்டும் ஒரே அளவு, கேலிப்பர் பின் விரலுக்கே நகர்கிறது. ஏர் பெட்டியில் துணி வெள்ளையாகவே வந்தது. பின் சக்கர டிரம் பிரேக் பாக்கி இருக்கிறது. ஷூவுக்கும் வீல் சிலிண்டர் ரப்பருக்கும் விலை கேட்டு வைத்திருக்கிறேன், பொங்கல் லீவில் அப்பாவோடு அதைத் திறக்கப்போகிறேன்.