ஆர்ச் லினக்ஸ் போடறதுக்கு இப்ப அத்தன பாடு இல்லீங்க

திருப்பூர்ல மச்சான் பனியன் கம்பெனில சும்மா கெடந்த டெஸ்க்டாப்புக்கு நேத்து ஆர்ச் லினக்ஸ், அதாங்க விண்டோஸ் மாதிரி ஒரு இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம், போட்டுக் குடுத்தனுங்க. முன்னெல்லாம் எஃப்டிஸ்க்ல பார்ட்டிஷன் பிரிச்சு, மவுண்ட் பண்ணி, பேக்ஸ்ட்ராப், ஜென்எஃப்எஸ்டேப், ஆர்ச்குரூட்னு கமாண்டெல்லாம் ஒவ்வொண்ணா கையில அடிக்கோணும், கடைசில சிஸ்டத்த ஸ்டார்ட் பண்ணி வுடற பூட்லோடர் வேற. 2021 ஏப்ரல்ல இருந்து இன்ஸ்டால் பண்ண டவுன்லோடு பண்ற ஐஎஸ்ஓ ஃபைலு உள்ளயே ஆர்ச்இன்ஸ்டால்னு ஒரு ஸ்கிரிப்ட் வருது, அந்தப் பேர அடிச்சா மெனு வந்துருது, டிஸ்க் எது, யூசர் யாரு, திரையில டெஸ்க்டாப்பு கேடிஈ வேணுமா நோம் வேணுமான்னு அதுவே கேக்குது. எனக்குப் புடிச்சது என்னன்னா, குடுத்த பதிலையெல்லாம் ஜேசன்ங்கற டெக்ஸ்ட் ஃபைலா சேவ் பண்ணி வெச்சுட்டு அடுத்த மெஷினுக்கு அதையே காட்டிரலாம், பாஸ்வேர்டு மட்டும் தனி ஃபைலு. பழைய பில்லு கில்லு டிஸ்க்ல இருந்தா மொதல்ல காப்பி எடுத்துக்கோங்க, மொத்தமா தொடச்சுரும். ஆனாலும் ஒருக்கா கையாலயே போட்டுப் பாத்துருங்க, நாளைக்கு பூட் ஆகலீன்னா குரூட் பண்ணி, அதாவது ஐஎஸ்ஓல பூட் பண்ணி டிஸ்க்ல இருக்கற சிஸ்டத்துக்குள்ள போயி, சரி பண்ணத் தெரியோணுமல்லங்க.