கடல் தண்ணியை ஏன் குடிக்கக்கூடாது, டீச்சர்?

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு கடலோரப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளுக்காக, அறிவியலோ உடல்நலமோ பிடித்த தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தேன். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் 38 தாள்கள் மேசைக்கு வந்தன. பத்தாவது தாளுக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. சுற்றுச்சூழல் மாசு, நீரிழிவு, புகையிலையின் தீமைகள் என்று எல்லாமே கைடில் இருந்து அப்படியே இறங்கியவை. ஒரு பையன் "படம் 3.2-ஐக் காண்க" என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தான். தாளில் படம் எதுவும் இல்லை.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் இரண்டு மேற்கோள், அடியில் கோடு. இதுதான் கட்டுரை என்று பழக்கியது நாங்கள்தானே. தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒரு வாரத்துக்கு யாரும் ஒண்ணும் எழுத வேண்டாம். வீட்டுல, கரையில, உங்களுக்குப் புரியாத ஒண்ணைக் கேள்வியா ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டு வாங்க" என்றேன்.

சீட்டு வந்து சேர நாலு நாள் ஆனது. பாதிக்கு மேல் வெறும் சீட்டு. ஆனால் ஒன்றில் இப்படி இருந்தது: "வயித்தால போனா உப்புத் தண்ணி குடுக்குறாங்க. அப்ப கடல் தண்ணியை ஏன் குடிக்கக்கூடாது, டீச்சர்?" எழுதியவன் கடலுக்குப் போகிறவரின் மகன். அந்தக் கேள்விக்கு அன்று வகுப்பில் ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதுதான் அந்த வருஷம் நான் செய்த நல்ல காரியம்.

கரையிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுவந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி மாடியில் வைத்தோம். மேலே கொசுவலை. தண்ணீர் வற்ற ஐந்து நாள் ஆனது. சுரண்டி எடுத்து ஆய்வகத் தராசில் வைத்தால் 37 கிராம். புத்தகத்தில் கடல் நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்று இருக்கிறது. "எதை டீச்சர் எழுதுறது?" என்று கேட்டான். "ரெண்டையும் எழுது. ஏன் கூடுச்சுன்னும் எழுது" என்றேன். விரலால் தொட்டுப் பார்த்து அவனே கண்டுபிடித்தான், உப்பு இன்னும் ஈரமாக இருந்தது. கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பிறகு வயிற்றுப்போக்குக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசிக்க வைத்தேன். ஒரு லிட்டருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம்தான். குளுக்கோஸ் 13.5 கிராம். மிச்சம் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கடல் தண்ணீரிலோ நம் சிறுநீரகம் பிரித்து வெளியேற்றக்கூடிய அளவைவிட உப்பு அதிகம். குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற உடம்பு தன் சொந்தத் தண்ணீரைச் செலவழிக்கும். "அப்ப தாகம் கூடத்தானே செய்யும்" என்றான் பையன். அந்த வரி அப்படியே கட்டுரைக்குள் போனது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில் போதாமல் போக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியதை நான் சொன்னேன். அவன் அப்பத்தா வயிற்றுப்போக்குக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுப்பாராம். அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைவதால் அதுவும் வேலை செய்யும் என்று தெரிந்ததும், அப்பத்தாவிடம் சொல்ல அன்று சாயங்காலம் ஓடினான்.

எல்லாம் இப்படி அமையவில்லை. கடலில் சொறி (ஜெல்லிமீன்) பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கணும் என்று ஒருவன் எழுதி வந்தான், கரையில் எல்லோரும் சொல்வதுதான். தேய்த்தாலும் நல்ல தண்ணீர் ஊற்றினாலும் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் இன்னும் வெடிக்கும். கடல் தண்ணீரால்தான் கழுவ வேண்டும், மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. நர்ஸ் அக்காவிடம் அனுப்பிக் கேட்க வைத்துத் திருத்தினோம். உடல்நலக் கட்டுரையில் ஒரு தப்பு வரி யார் உடம்பிலாவது போய் முடியும். அதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கடல்பாசி எடுக்கும் ஒரு அம்மாவின் மகள், "எங்கம்மா எடுக்கிற பாசி எங்கே போகுது?" என்று எழுதியிருந்தாள். அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசல் மணலில் மரிக்கொழுந்துப் பாசி காய்ந்துகொண்டிருந்தது. அந்த அக்காவின் விரல்களில் துணிச் சுற்று, அதற்கு மேலும் பாறை கிழித்த கோடுகள். "ஏவாரி வந்து எடுத்துட்டுப் போவாரு. அதுக்கப்புறம் யாருக்குத் தெரியும் டீச்சர்?" என்றார். அந்தப் பாசியிலிருந்து அகார் வருகிறது, ஆய்வகங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றுவது அதுதான் என்று சொன்னேன். 1881 வாக்கில், கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டின் வைத்துத் திண்டாடினார்கள், உடம்புச் சூட்டிலேயே அது இளகிவிடும். அகார் இளகாது என்று சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸி, அங்கே வேலை பார்த்த ஒருவரின் மனைவி. வீட்டில் ஜெல்லி செய்து பழகிய கை.

மகள் இதை எழுதினாள். பள்ளிக்கு வெளியே ஒரு போட்டிக்கு அனுப்பினோம். முன்னுரை இல்லை, மேற்கோள் இல்லை என்று திரும்பி வந்தது. பிள்ளை அழுதுவிட்டாள். எனக்கும் நெஞ்சு எரிந்தது. ஒரு எழுத்தும் மாற்றாமல், பிப்ரவரி 28 காலை வழிபாட்டில் அவளையே வாசிக்கச் சொன்னேன். அன்று பாசிக்குப் போகாமல் அவள் அம்மா கேட் பக்கம் நின்று கேட்டார்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். "அந்தம்மா கடலுக்குள்ள இறங்கிப் பாசி எடுத்தாங்களா டீச்சர்?"

"இல்லக்கா. ஜாவாவுல இருந்து வந்தவங்ககிட்டத் தெரிஞ்சுகிட்டதாம்."

"அப்ப எடுத்தவ பேரை எங்கயும் எழுதலையா?"

எழுதவில்லை என்றேன். மறுநாள் சுவரில் ஒட்ட மகள் கொண்டுவந்த தாளில், கடைசி வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. "பாசி எடுத்தவர்:" என்று போட்டு, அம்மாவின் பெயரும், அம்மாவோடு இறங்கும் ஆறு பெண்களின் பெயரும்.